சனிக்கிழமை டென்னிஸ்: சீண்டல், மட்டை மாற்றம், இன்ன பிற வில்லங்கங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வார இறுதியில் டென்னிஸ் ஆடும் தமிழர்கள் சிலர் சேர்ந்த குழு எங்களுடையது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கும்போது ஆரம்பிப்போம். ஒரு வாரம் காலாங், ஒரு வாரம் யாராவது ஒருவருடைய கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தில், இருக்கும் கோர்ட். ஆட்டம் முடிந்து தேக்கா பக்கம் போய்த் தோசை சாப்பிடும்போதுதான் நிஜமான வழக்காடு மன்றம் கூடும். அவர் செய்தது சரியா, இவர் நடுவில் ராக்கெட்டை மாற்றியது நியாயமா என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். நான் பயிற்சியாளர் அல்ல. பதினைந்து வருடமாக விதவிதமாகத் தோற்றவன். விதி என்று சொல்லும் இடமெல்லாம் அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் விதி. மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

மைண்ட் கேம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எதிராளியின் ஆட்டத்தை மட்டையால் கெடுக்க முடியாதபோது வேறு எதனாலாவது கெடுப்பது. கோலியும் கில்லியும் ஆடிய காலத்திலேயே இதற்கு நம்மிடம் பெயர் உண்டு: அழுகுணி ஆட்டம், போங்கு. ஆனால் நேர்மையான ஆட்டத்துக்கும் போங்குக்கும் நடுவில் நீளமான ஒரு திண்ணை இருக்கிறது. விதியை மீறாமலே சீண்டுகிறவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நம் சண்டைகள் எல்லாம் அந்தத் திண்ணையைப் பற்றித்தான்.

ஒன்று முன்பே சொல்லிவிடுகிறேன். "என்னை வெறுப்பேற்றத்தான் அப்படிச் செய்தான்" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல், அந்த மனிதர் எதுவுமே செய்திருக்க மாட்டார். தன் ஷூ லேஸைக் கட்டியிருப்பார், அவ்வளவுதான்.

எதிராளி வேண்டுமென்றே நேரம் கடத்துகிறார். எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வுக்கு அதிகபட்சம் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி. செட் முடிந்தால் 120. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது ஓய்வு கிடையாது, 6-6 ஆனதும் ஆடும் டைபிரேக்கின் நடுவில் மாறும்போதும் கிடையாது. பக்கம் மாறி நேராக ஆட வேண்டியதுதான். இது தெரியாமல் 1-0 ஆனதும் போய் உட்கார்ந்து வாழைப்பழம் உரிக்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

25 விநாடி என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம். ஒருமுறை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். துண்டில் முகம் துடைத்து, மட்டையின் ஸ்ட்ரிங்கை, அதாவது நரம்பை, விரலால் நேராக்கி, பந்தை நான்கு முறை தட்டினாலும் மிச்சம் இருக்கும். ஆனால் நமக்குப் பந்து பொறுக்கிப் போட ஆள் இல்லை. வேலியோரம் உருண்ட பந்தை எடுக்க நடக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

தந்திரமா, மூச்சு வாங்குகிறதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றுதான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் அவர் அதே வேகத்தில்தான் நடக்கிறாரா? ஆமாம் என்றால் அது அவருடைய நடை. ஐம்பதைத் தாண்டியவர், நம் ஊர்ப் புழுக்கம், விட்டுவிடுங்கள். 2-5 என்று பின்தங்கிய பிறகுதான் சாக்ஸை மடித்துவிட ஆரம்பிக்கிறார் என்றால், அது கணக்குப் போட்டுச் செய்வது. அப்போதும் பேச்சுக் கொடுக்காமல் பேஸ்லைன் எனும் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் மூச்சைப் பாருங்கள். அவர் கடத்தும் நேரம் உங்களுக்கும் கிடைக்கும் நேரம்தானே.

சர்வ் உங்களுடையது என்றால் நிலைமை வேறு. சர்வ் போடுகிறவருடைய நியாயமான வேகத்துக்குத்தான் ரிட்டர்ன் எடுப்பவர் ஒத்துப்போக வேண்டும் என்று விதியே சொல்கிறது. "அண்ணே, போடலாமா?" என்று ஒரே ஒருமுறை சிரித்த முகத்தோடு கேட்டால் போதும்.

மாறாக, நான் நிமிர்வதற்குள் சர்வ் போட்டுவிடுகிறாரே?

எதிரில் இருப்பவர் தயாராகும்வரை சர்வ் போடக்கூடாது. தயாராக இல்லையென்றால் கையைத் தூக்குங்கள், பந்தை அடிக்கப் போகாதீர்கள். முக்கியமான இடம் இதுதான். அடிக்க முயன்றுவிட்டால் நீங்கள் தயாராக இருந்ததாகத்தான் அர்த்தம். வெளியே அடித்துவிட்டு "நான் ரெடியாகவே இல்லை" என்பது எடுபடாது.

ஆட்டத்தின் நடுவில் ராக்கெட்டை மாற்றலாமா?

தாராளமாக. புள்ளிகளுக்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எதிராளியிடம் கேட்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ராக்கெட்டை வைத்து ஆடக்கூடாது என்பதும், மாற்றுவதற்காகக் கூடுதல் நேரம் கிடையாது என்பதும்தான் கட்டுப்பாடு. ஷூவோ உடையோ நம் கையில் இல்லாத காரணத்தால் கிழிந்துபோனால் கொஞ்சம் கூடுதல் நேரம் தரலாம் என்கிற விதி, ராக்கெட்டை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. அதனால் மாற்று ராக்கெட் பையின் அடியில், ஈரத் துண்டுக்குக் கீழே கிடக்கக்கூடாது. பெஞ்சின் மேல் இருக்கட்டும்.

சரி, மாற்றினால் பலன் உண்டா, அல்லது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையா?

இந்தக் கேள்விக்கு நான் வருடக்கணக்கில் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஒரு சனிக்கிழமை 1-4 என்று பின்தங்கியிருந்தேன். அடித்ததெல்லாம் வெளியே. எரிச்சலில் பையிலிருந்த இன்னொரு ராக்கெட்டை எடுத்தேன். அடுத்த ஐந்து கேமும் என்னுடையது, 6-4. அன்றிலிருந்து அந்த ராக்கெட்டுக்குத் தனி மரியாதை. "இதில் ஸ்ட்ரிங் கொஞ்சம் டைட், அதான் பந்து உள்ளே விழுகிறது" என்று தோசைக் கடையில் விளக்கமும் கொடுத்தேன். பிறகு குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் ஸ்ட்ரிங் போடக் கொடுத்தபோது கடைக்காரர் இரண்டையும் அளந்து பார்த்தார். என் ராசியான ராக்கெட்தான் தொய்ந்து கிடந்தது, ஸ்ட்ரிங்கின் இறுக்கம் நான்கு பவுண்டு குறைவாக. தொய்ந்த ஸ்ட்ரிங்கில் பந்து இன்னும் தூரம் போகும். அதாவது, நான் சொன்ன காரணத்துக்கு நேர் எதிர்.

அப்படியானால் எப்படி ஜெயித்தேன்? யோசித்துப் பார்த்தால், ராக்கெட்டை எடுக்க பெஞ்சுக்கு நடந்தேன். தண்ணீர் குடித்தேன். புது ராக்கெட் எப்படிப் போகுமோ என்ற பயத்தில் முழு வேகத்தில் அடிக்காமல் முதல் இரண்டு கேமை அடக்கி ஆடினேன். எதிராளி அதற்குள் நான்கைந்து பந்தை நெட்டில் அடித்துவிட்டார். அவர் மனதிலும் "ஏதோ மாற்றிவிட்டான்" என்று ஓடியிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது ஒத்துக்கொண்டார். ஆக, ராக்கெட் செய்த வேலை கொஞ்சம், அதை எடுக்க நடந்த இருபது அடி செய்த வேலைதான் அதிகம்.

அதற்காக எல்லாம் பிரமை என்று சொல்லவில்லை. நிஜமான காரணங்கள் உண்டு. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் போட்ட சில நாளிலேயே இறுக்கத்தை இழக்கத் தொடங்கும். ராக்கெட்டைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவைத்தால் இன்னும் வேகமாகத் தொய்யும். ஒரே மாதிரி இரண்டு ராக்கெட் வைத்திருந்து, ஒன்றில் 52, இன்னொன்றில் 49 பவுண்டு என்று போட்டால் மாற்றுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. பந்து நெட்டிலும் குட்டையாகவும் விழுந்தால் தளர்வானது, பேஸ்லைனைத் தாண்டிப் பறந்தால் இறுக்கமானது. மழை விட்ட பிறகு பந்து ஈரம் குடித்துக் கனத்திருக்கும்போதும் தளர்வானது கைக்கு இதம்.

தவிர்க்க வேண்டியது, 4-4ல் முற்றிலும் வேறு ரகத்துக்குத் தாவுவது. 300 கிராம் ராக்கெட்டில் பழகிய கைக்கு 280 கிராமைக் கொடுத்தால் மட்டை முன்னாலேயே வந்துவிடும், பந்து பக்கவாட்டில் ஓடும். அது பழகுவதற்குள் செட் முடிந்துவிடும். அடித்துப் பார்க்கக் கடையில் இரவல் வாங்கிய டெமோ ராக்கெட்டை முதன்முதலாகப் போட்டியில் எடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவர்களை எதிர்த்து ஆடுவது எனக்குப் பிடிக்கும்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே?

2014 முதல் 2018 வரை மகளிருக்கான ஆண்டிறுதிப் போட்டி சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்ததே, அதைப் பார்க்கப் போனவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பெரிய போட்டிகளில் முதலில் 7 கேமுக்குப் பிறகும், அப்புறம் 9 கேமுக்கு ஒருமுறையும் புதுப் பந்து வரும். பந்தோடு சேர்த்து ராக்கெட்டையும் மாற்றுவார்கள், பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் சத்தம் மேலே வரை கேட்கும். ஆனால் அவர்கள் மாற்றுவது ஒன்றைப் போலவே இருக்கும் இன்னொன்றுக்கு, ஸ்ட்ரிங் மட்டும் அன்றன்று போட்டது. வித்தியாசம் வராமல் இருப்பதற்காக அவர்கள் மாற்றுகிறார்கள். நாம் வித்தியாசம் வரட்டும் என்று மாற்றுகிறோம்.

ஸ்ட்ரிங் அறுந்துவிட்டது, வேறு ராக்கெட் இல்லை. ஆட்டம் அவ்வளவுதானா?

இல்லை. போட்டி நடத்துபவர்கள் தடுக்காதவரை அறுந்த ஸ்ட்ரிங்கோடே தொடரலாம், விதியில் இடம் உண்டு. ஆடுவது கொடுமை, அது வேறு விஷயம். எங்கள் குழுவில் எதிராளியே தன் இரண்டாவது ராக்கெட்டைக் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டுத் தோற்றவரும் உண்டு.

கைப்பிடியில் சுற்றும் கிரிப் வழுக்குகிறது. அதை மாற்றினால் இதையும் எதிராளி நேரம் கடத்துவதாகச் சொல்கிறாரே?

கிரிப் சுற்றுவதற்குப் பக்கம் மாறும் 90 விநாடி இருக்கிறது, கை பழகியவருக்கு ஒரு நிமிடம் போதும். புள்ளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தால் எதிராளி முறைப்பது நியாயம்தான்.

ஆனால் சிங்கப்பூரில் ஆடுகிறவருக்கு ராக்கெட்டைவிட முக்கியமான மாற்றம் இதுதான் என்பேன். இங்கே வியர்வை காய்வதே இல்லை. மூன்றாவது கேமிலேயே முழங்கையிலிருந்து வழிந்து உள்ளங்கைக்கு வந்துவிடும். பசைபோல் ஒட்டும் ஓவர்கிரிப் கடையில் தொட்டுப் பார்க்க அருமையாக இருக்கும். நனைந்ததும் சோப்புக்கட்டி. டூர்னா கிரிப் மாதிரியான உலர்ந்த ரகம் முதலில் காகிதம் போல இருந்தாலும் ஈரம் பட்டால்தான் பிடிக்கும். சீக்கிரம் கிழியும், அதுதான் குறை. நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், அடிக்காத கையில் இருப்பது முகம் துடைக்க. கை வழுக்குமோ என்ற பயத்தில் ராக்கெட்டை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வலி தேடி வரும், சர்வும் போய்விடும். "இன்னைக்கு மனசு சரியில்லை" என்று சொல்கிறவரின் கிரிப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மனசுக்கு ஒன்றுமில்லை, கிரிப்தான் போயிருந்தது.

சட்டை மாற்றுவது, கழிப்பறைக்குப் போவது?

சட்டையைப் பக்கம் மாறும்போது மாற்றிக்கொள்ளுங்கள். கழிப்பறை விஷயத்தில் உலகத்துக்கே தகராறு உண்டு. 2021 அமெரிக்கப் பொதுவிருதில் சிட்சிபாஸ் நீண்ட நேரம் வெளியே போய்விட்டு வந்ததை அவரை எதிர்த்து ஆடிய ஆண்டி மரே பகிரங்கமாகக் கண்டித்தார், அதன்பின் தொழில்முறை விதிகள் இறுகின. நம் கோர்ட்டில் கழிப்பறை நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. போகட்டும், வரட்டும். செட் முடிந்து போவது மரியாதை.

பந்தை நடுவில் மாற்றலாமா? எதிராளி புது டப்பாவைத் திறக்கிறார்.

பந்தை எப்போது மாற்றுவது என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம். ஒருவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135க்கும் 147க்கும் நடுவில் எழும்ப வேண்டும் என்பது சாதாரணப் பந்துக்கு உள்ள அளவுகோல். திறந்து சில வாரமான பந்து அந்த உயரத்தைக் கனவில்தான் பார்க்கும். வேகமாக அடிப்பவருக்குப் புதுப் பந்து லாபம், திருப்பித் திருப்பிப் போடுபவருக்குப் பழைய பந்து லாபம். செட்டுக்கு ஒரு டப்பா, அல்லது ஒரே டப்பா, முதலிலேயே பேசிவிடுங்கள். காசை யார் கொடுப்பது என்பதையும்.

எதிராளி புகழ்ந்தே கவிழ்க்கிறார். இதற்கு மருந்து உண்டா?

"தம்பி, இன்னைக்கு உன் பேக்ஹேண்ட் பிரமாதம். கையை ஏதாவது மாத்தினியா?" இதைவிடப் பழைய விஷம் டென்னிஸில் இல்லை. அதுவரை தானாக ஓடிய பேக்ஹேண்டை அடுத்த முறை அடிக்கும்போது மணிக்கட்டு எங்கே, முழங்கை எங்கே என்று பார்க்க ஆரம்பிப்பீர்கள். பந்து வேலியில்.

மருந்து: பக்கம் மாறும்போது எதிரெதிராக நடந்து வருவோம் அல்லவா, அங்கேதான் இது நடக்கும். "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள், பதிலுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்க ஆரம்பித்தால் போச்சு. எங்கள் குழுவில் இதில் கரைகண்ட ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் உண்மையிலேயே மனதாரப் பாராட்டுகிறவர் என்பதுதான் கொடுமை. அவருக்குத் தன் பாராட்டின் பலம் தெரியாது. அவரிடம் மட்டும் நான் தோற்ற எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

சந்தேகமான பந்துகளையெல்லாம் அவுட் என்கிறார். என்ன செய்வது?

நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவரே பொறுப்பு. அவுட் என்றால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பலன் எதிராளிக்கு. "சரியாப் பாக்கலை, இன்னொரு தடவை ஆடலாம்" என்பது பெருந்தன்மை போலத் தோன்றும், ஆனால் பார்க்கவில்லை என்றால் பந்து உள்ளே, புள்ளி அவருக்கு. எங்கள் குழுவில் அதிகம் மீறப்படும் விதி இதுதான், என்னையும் சேர்த்து.

கோட்டை ஒட்டி வேகமாக விழும் பந்தை மனிதக் கண் தவறாகப் பார்ப்பது இயல்பு. விம்பிள்டனே 2025ல் கோட்டு நடுவர்களை அனுப்பிவிட்டு மின்னணுக் கருவிக்கு மாறிவிட்டது. எனவே முதல் தவறை மறந்துவிடுங்கள். இரண்டாவதுக்கு "நிச்சயமாத் தெரிஞ்சுதா?" என்று கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவதும் வந்தால் கோட்டுக்கு இரண்டடி உள்ளே குறி வைத்து ஆடுங்கள். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். பழிக்குப் பழியாக நீங்களும் திருட்டு அவுட் கொடுக்க ஆரம்பித்தால், அன்றைய ஆட்டம் மட்டுமல்ல, அடுத்த வாரத் தோசையும் கசக்கும்.

ஸ்கோரில் தகராறு வந்தால்?

இருவரும் ஒத்துக்கொள்ளும் புள்ளிகள் அப்படியே நிற்கும், தகராறான புள்ளி மட்டும் மறுபடி ஆடப்படும். ஒருவர் 40-30 என்கிறார், மற்றவர் 30-40 என்கிறார், முதல் புள்ளி யாருடையது என்பதில்தான் சிக்கல் என்றால், இருவரும் ஏற்கும் 30-30லிருந்து தொடருங்கள். ஒவ்வொரு சர்வுக்கு முன்னும் சர்வ் போடுகிறவர் ஸ்கோரை உரக்கச் சொன்னால் இந்தக் கேள்வியே வராது. முணுமுணுப்பு செல்லாது.

நான் சர்வ் போடும்போது எதிரே நின்று நகர்கிறார், கை ஆட்டுகிறார்.

இடம் மாறி நிற்பது, முன்னால் வருவது எல்லாம் அவர் உரிமை. கவனத்தைக் கெடுக்கவென்றே கை ஆட்டுவதும் காலை உதைத்துச் சத்தம் எழுப்புவதும் இடையூறு. வேண்டுமென்றே செய்த இடையூறு என்றால் புள்ளி உங்களுக்கு. தெரியாமல் நடந்தது என்றால் லெட், மறுபடி ஆட வேண்டும். பக்கத்து கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தாலும் லெட். விடிகாலையில் கத்தித் தீர்க்கும் குயிலுக்கு லெட் கிடையாது. கேட்டுப் பார்த்தவர் இருக்கிறார்.

அண்டர்ஆர்ம் சர்வ், அதாவது கையைத் தலைக்கு மேல் தூக்காமல் கீழிருந்து போடுவது, கேவலம் இல்லையா?

இல்லை. முழுக்க விதிக்குட்பட்டது. 1989 பிரெஞ்சுப் பொதுவிருதின் நான்காவது சுற்றில் 17 வயது மைக்கேல் சாங், கால் தசை பிடித்துக்கொண்டதால் நிற்கவே முடியாத நிலையில், ஐந்தாவது செட்டில் இவான் லெண்டிலுக்கு ஓர் அண்டர்ஆர்ம் சர்வ் போட்டார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்டில் ரிட்டர்ன் எடுக்க சர்வீஸ் கோட்டருகே வந்து நின்றார். அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான லெண்டில், இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டார். சாங் அந்தக் கோப்பையையே வென்றார். யாருடைய மனதில் என்ன ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

தோள் வலி உள்ளவர்கள் எங்கள் குழுவில் இதை வழக்கமாகவே போடுகிறார்கள். எதிராளி வேலியோரம் நிற்பதைப் பார்த்து ஒருமுறை போடுவதும் அழகான ஆட்டம்தான். அவர் குனிந்து லேஸ் கட்டும்போது போடாதீர்கள், அவ்வளவுதான்.

உயரமாகத் தூக்கிப் போட்டே கொல்கிறார். இதுவும் மைண்ட் கேம்தானே?

இது டென்னிஸ். உங்களுக்குப் பிடிக்காத டென்னிஸ். ரமேஷ் கிருஷ்ணனின் சர்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. மென்மையாகத் தொட்டுத் தொட்டு ஆடியே 1989 ஆஸ்திரேலியப் பொதுவிருதில் அப்போதைய முதல் நிலை ஆட்டக்காரர் விலாண்டரை வீட்டுக்கு அனுப்பினார். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிதான் தள்ளி இருக்கிறது, நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். அந்த நேரத்தில் லாப் போடுகிறவரைத் திட்டுவதற்குப் பதில் தொப்பி வாங்குங்கள்.

விதிக்குப் புறம்பான ராக்கெட் என்று ஒன்று உண்டா?

உண்டு. நீளம் 73.7 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதிர்வைக் குறைக்கும் அந்தச் சின்ன ரப்பர், பின்னிய ஸ்ட்ரிங்குகளுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 1977ல் ஸ்பாகெட்டி ராக்கெட் என்று ஒன்று வந்தது, இரட்டை அடுக்கு ஸ்ட்ரிங்கோடு. பந்து எப்படிச் சுழலும், எங்கே குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரான்சில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில் ருமேனிய ஆட்டக்காரர் நஸ்டாசே அதை எடுத்து வர, களிமண் தரையில் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த கில்லர்மோ விலாஸ் இரண்டு செட் இழந்ததும் ஆட்டத்தைவிட்டே வெளியேறினார். சில நாட்களில் அதற்குத் தடை வந்தது. கடையில் இப்போது வாங்கும் ராக்கெட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

டபுள்ஸில் என் பார்ட்னரே என் மனதைக் கெடுக்கிறார்.

பார்ட்னர் மனைவியாகவோ கணவராகவோ இருந்தால் இந்தப் பக்கத்தால் உதவ முடியாது. மற்றவர்களுக்கு: புள்ளிகளுக்கு நடுவில் கொடுக்கும் ஆலோசனையை நிறுத்தச் சொல்லுங்கள். டபுள் ஃபால்ட் போட்டவரிடம் "பரவால்ல, பந்தை உயரமாத் தூக்கிப் போடு" என்பதுகூட வேண்டாம். அவருக்குத் தெரியும். "எங்கே போடப் போறே?" என்று மட்டும் கேட்பது நல்லது.

தோற்கும்போதெல்லாம் எதிராளி வானத்தைப் பார்த்து "மழை வரும்போல இருக்கே" என்கிறார்.

சிங்கப்பூரில் இது பாதி நாள் உண்மையாகிவிடுவதால் தந்திரம் என்று நிரூபிக்கவே முடியாது. மின்னல் எச்சரிக்கை வந்தால் 5-2ஓ மேட்ச் பாயிண்டோ, வெளியேறிவிடுங்கள். அதில் விவாதம் வேண்டாம். திரும்பி வந்தால் அதே ஸ்கோர், அதே சர்வ், அதே பக்கம். திரும்ப முடியாவிட்டால் என்ன என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். தரை நனைந்திருந்தால் நீர் தள்ளும் கட்டையால் கோடுகளை முதலில் துடையுங்கள், வழுக்குவது பெரும்பாலும் அந்த வெள்ளை வண்ணத்தில்தான்.

எதிராளி எதுவுமே செய்யவில்லை. நானே பதறுகிறேன்.

அப்போதுதான் அந்த 25 விநாடி பயன்படும். மரியா ஷரபோவா ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஸ்ட்ரிங்கையே பார்ப்பார். நடால் தண்ணீர்ப் போத்தல்களை ஒரே கோணத்தில் அடுக்குவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் மனம் அலைவது குறையும். நான் செய்வது: பெஞ்சுக்கு நடந்து இரண்டாவது ராக்கெட்டை எடுத்து, ஸ்ட்ரிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழையபடி முதல் ராக்கெட்டோடே திரும்பி வருகிறேன்.

ஒரு மணி நேரத்துக்குத்தான் கோர்ட் கிடைத்தது. ஆட்டம் முடியாது போலிருக்கிறதே?

பொது கோர்ட்டுகளில் வழக்கமாக ஒவ்வொரு மணி நேரமாகத்தான் பதிவு செய்கிறோம், அதனால் இதை ஆரம்பத்திலேயே பேசுங்கள். எங்கள் ஏற்பாடு இது. டியூஸ், அதாவது 40-40, வந்தால் ஒரே புள்ளி, சர்வை எந்தப் பக்கம் நின்று வாங்குவது என்பதை ரிட்டர்ன் எடுப்பவர் தீர்மானிப்பார். ஆளுக்கு ஒரு செட் என்றால் மூன்றாவதுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எந்த ஸ்கோரில் இருந்தாலும் அந்த கேமோடு நிறுத்தம், முன்னிலையில் இருப்பவர் ஜெயித்தவர். முன்னிலையில் இருப்பவர் அந்த நேரத்தில் கிரிப் மாற்றக்கூடாது. இதை ஏன் தனியாகச் சேர்த்தோம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.